வலி தீர்ந்த பின் வரும் அரிப்பு

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஓர் இரவு, கோயமுத்தூரிலுள்ள மருத்துவமனை ஒன்றில் நாம் துணைக்குத் தங்கியிருக்க நேர்ந்தது. கருமத்தம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் அது. நமக்கு நெருங்கிய உறவு. மகளுக்குத் தலைப்பிரசவம். முற்பகலில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். தாயும் நலம், சேயும் நலம். முதுகில் போட்ட ஊசியின் பயனாக, வயிற்றில் தையல் இருந்தும் அந்தப் பெண்ணுக்கு வலி என்பதே தெரியவில்லை. குழந்தையை அணைத்துப் பாலூட்டினாள். அதைக் கண்டு இறைவனுக்கு நன்றி கூறினோம்.

மாலையில் வேறொரு தொல்லை தலைகாட்டிற்று. மூக்கின் நுனியைத் தேய்த்தாள். பிறகு கன்னம், பிறகு கழுத்து, மார்பு. விளக்கேற்றும் நேரத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அருகிலிருந்த பாட்டியார் பதறிப்போனார்.

“ஏங் கண்ணு, கத்திரிக்காய் கருவாடுன்னு எதையாச்சும் தின்னுட்டயா?”

“ஒண்ணும் தின்னலீங்க அம்மிச்சி. தண்ணிதான் குடிச்சேன். மூக்குதான் தாங்க முடியாம அரிக்குது.”

அம்மை போட்டிருக்குமோ என்று ஒருவர் ஐயுற்றார். வேப்பிலை கொண்டுவர ஆளனுப்பலாமா என்று இன்னொருவர் கேட்டார். செவிலியரிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை, “இதுக்குப் போயி அவங்களத் தொந்தரவு பண்றதா?” என்று அந்தப் பெண்ணே தடுத்துவிட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவர், எதிரிலிருந்த மருந்துக் கடைக்குச் சென்று ஏவில் மாத்திரை வாங்கி வந்தார். ஒன்று கொடுத்தார். கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இன்னும் ஒன்று கொடுத்தார். பெண் உறங்கிப்போனாள். எல்லாரும் நிம்மதியடைந்தோம்.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு மூச்சை எண்ணிப் பார்க்க வந்த செவிலியர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். முகம் மாறியது. தோளைத் தட்டி எழுப்பினார். பெண் கண்ணைத் திறந்தாள், மறுகணமே மூடிக்கொண்டாள். நிமிடத்திற்கு ஒன்பது மூச்சுத்தான் வந்துகொண்டிருந்தது. மருத்துவர் ஓடி வந்தார். பிராண வாயு வைத்தார்கள். கையில் ஏற்கெனவே இருந்த ஊசிக்குழாய் வழியே ஒரு மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் பெண் விழித்துப் பேசினாள், மூச்சும் சீராயிற்று. வியப்பு என்னவெனில், அரிப்பும் அத்துடன் அடங்கிவிட்டது.

“மாத்திரை கொடுத்தது யார்?” என்று மருத்துவர் கேட்டார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த இரவு நமக்குக் கற்பித்ததை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 அறுவை சிகிச்சை மூலமே நிகழ்ந்தவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுபவை. மூட்டு மாற்று, கால் எலும்பு முறிவு, கருப்பை எடுத்தல் ஆகியவற்றுக்கும் அவ்வூசியே பெரிதும் பயன்படுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர், நீலகிரி, பாலக்காடு என எத்திசையிலிருந்தும் மக்கள் சிகிச்சைக்கு வந்து சேரும் ஊர் நம் கோவை. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேரும் செய்தியன்று.

முதுகில் போடும் ஊசி

முதுகுத் தண்டைச் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. அந்நீரில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தி அறுவை செய்யும் முறையை 1898-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் மருத்துவர் தொடங்கிவைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது, நோயாளியோ விழித்திருப்பார். ஆனால் மரப்பு மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின் வலி வரும்.

அந்த வலியைத் தணிப்பதில் பழங்காலந்தொட்டுப் பெயர் பெற்றது அபின். அதன் சாரமே மார்ஃபின். நெடுங்காலம் அதனைத் தசையிலோ நரம்பிலோதான் ஏற்றி வந்தார்கள். 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேன்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்னும் இருவர், அபின் வகை மருந்துகள் வந்து பொருந்துவதற்கென்றே நரம்பணுக்களில் தனி இடங்கள் உள்ளன என்று மெய்ப்பித்தனர். பூட்டுக்கு ஏற்ற சாவி போல மருந்து அங்கே பொருந்துகிறது. அத்தகைய பூட்டுகள் முதுகுத் தண்டிலும் உண்டு. அவ்வாறாயின் மருந்தை உடலெங்கும் சுற்றவிடுவானேன்? பூட்டு இருக்கும் இடத்திலேயே சாவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன? 1976-இல் எலிகளிடம் செய்து பார்த்தார்கள். 1979-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், புற்றுநோயால் வருந்திய எட்டு நோயாளிகளுக்கு மார்ஃபினை முதுகுத் தண்டு நீரில் செலுத்தி, நெடுநேர நிவாரணம் கண்டார்கள்.

இதில் அளவைக் கவனிக்க வேண்டும். தசையில் போடுவதானால் 10 மில்லிகிராம் வேண்டியிருக்கும். முதுகிலோ, பிரசவ அறுவைக்கு இன்று போடப்படுவது பெரும்பாலும் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றே மேல். அந்தத் துளியே ஏறத்தாழ ஒரு நாள் வரை வலியைத் தணித்து வைக்கிறது. அளவு இவ்வளவு சிறியதாகையால் தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் செல்வது மிக மிகக் குறைவு. பாலூட்டத் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை.

மார்ஃபினே அன்றி, ஃபென்டனில் என்னும் மருந்தும் நம் நாட்டில் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. அது விரைவில் வேலை செய்து சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மரப்பு மருந்தை மட்டும் போடுவதும் உண்டு. அப்போது நாம் சொல்லும் இந்த அரிப்பு வராது. அபின் வகை மருந்து சேர்ந்தால்தான் வரும்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

எத்தனை பேருக்கு வரும்? ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுபடுகிறது. நூற்றுக்கு முப்பது பேர் என்போரும் உளர். ஏறத்தாழ எல்லாருக்கும் என்போரும் உளர். பிரசவத் தாய்மாரிடமே மிகுதி. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. ஆனால் பெரும்பாலோர்க்கு அது இலேசான நமைச்சலாக வந்து போய்விடும். சிலரைத்தான் உறங்க விடாமல் வாட்டும்.

அது வரும் இடமும் வியப்புக்குரியது. மருந்து போட்டது இடுப்பில், அரிப்பதோ மூக்கில். காரணம் இதுதான்: மார்ஃபின் நீரோடு எளிதில் கலப்பது; நரம்புக்குள் சட்டென்று இறங்காமல் தண்டு நீரிலேயே நெடுநேரம் தங்கி, மெல்ல மெல்ல மேலேறித் தலையை நோக்கிச் செல்கிறது. முகத்தின் உணர்ச்சியை வாங்கும் நரம்பு நிலையம் மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வரை நீண்டு கிடக்கிறது. அங்கே அபின் வகைப் பூட்டுகள் நிறைய. அதனால்தான் மூக்கும் கண்ணோரமும் கன்னமும் முதலில் அரிக்கின்றன. மருந்து மேலேறக் காலம் எடுப்பதால் அரிப்பும் சில மணி நேரம் கழித்தே மும்முரமாகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே ஓய்கிறது.

இன்னொன்றும் உண்டு. அரிக்கும்போது நாம் ஏன் சொறிகிறோம்? சொறிவதால் உண்டாகும் சிறு வலி, அரிப்பை அமுக்குகிறது. வலியும் அரிப்பும் தண்டுவடத்தில் அக்கம்பக்கத்து வீட்டாரைப் போன்றவை. அரிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கும் காவற்காரர்களும் அங்கே உண்டு. மார்ஃபின் அந்தக் காவற்கார நரம்பணுக்களையும் உறங்கச் செய்துவிடுகிறது. கட்டவிழ்ந்த அரிப்பு தலைதூக்குகிறது. 2021-இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. தோலில் ஒரு குற்றமும் இல்லை. கத்தரிக்காயும் கருவாடும் குற்றவாளிகள் அல்ல. நரம்பு மண்டலத்திற்குள் நடக்கும் ஒரு செயலே இது.

ஏவில் ஏன் உதவவில்லை?

நம் வீடுகளில் அரிப்பு என்றால் ஏவில், அல்லது செட்ரிசின். பூச்சிக் கடிக்கும் தடிப்புக்கும் இவை நல்ல மருந்துகள்தாம். ஏனெனில் அங்கே தோலில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சுரந்து அரிப்பை உண்டாக்குகிறது. இம்மாத்திரைகள் அதனைத் தடுக்கின்றன. முதுகு ஊசியால் வரும் அரிப்புக்கு ஹிஸ்டமின் காரணமன்று. இதற்குச் சான்று, நாம் மேலே கூறிய ஃபென்டனில். அது ஹிஸ்டமினைச் சுரக்கச் செய்வதே இல்லை. ஆயினும் அதனை முதுகில் போட்டால் அரிக்கிறது. ஆகவே ஏவில் இங்கே வேரைத் தொடுவதில்லை. சிலருக்குத் தணிந்தாற்போல் தோன்றினால், அது மாத்திரை தந்த உறக்கத்தின் பயனே.

அந்த உறக்கத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தண்டு நீரில் மேலேறும் மார்ஃபின், மூச்சை நடத்தும் நிலையத்தையும் எட்டக்கூடும். எட்டினால் மூச்சு மந்தமாகும். இன்றைய சிறிய அளவில் இது அரிதாகவே நிகழ்கிறது. எனினும் அதனை எதிர்பார்த்தே, ஊசி போட்ட பின் ஏறக்குறைய ஒரு நாள் வரையில் செவிலியர் வந்து வந்து மூச்சை எண்ணுகிறார்கள், எழுப்பிப் பார்க்கிறார்கள். அந்நேரத்தில் உறக்கத்தைத் தரும் மாத்திரையை நாமே கொடுத்தால், இரண்டு மந்தங்கள் ஒன்று சேர்கின்றன. மருத்துவருக்கோ நாம் கொடுத்தது தெரியாது. கருமத்தம்பட்டிக் குடும்பத்தில் நடந்தது அதுவே. எண்ண வந்த செவிலியரின் விழிப்புத்தான் அன்று ஓர் உயிரைக் காத்தது எனலாம்.

மருத்துவரிடம் உள்ள வழிகள்

அன்றிரவு கொடுத்த மருந்து நலாக்ஸோன். மார்ஃபின் பொருந்தியிருக்கும் பூட்டிலிருந்து அதனைத் தள்ளிவிடுவது அதன் தொழில். ஆகையால் மூச்சும் திரும்பியது, அரிப்பும் நின்றது. ஆனால் அளவு மிகுந்தால் வலி நிவாரணமும் சேர்ந்தே போய்விடும். தையல் வலி ஒரே நொடியில் திரும்பிவிடும். எனவே அதனைத் துளித்துளியாக, கண்காணிப்போடுதான் செலுத்துவார்கள்.

அரிப்புக்கு மட்டும் என்றால் இன்று முதலில் நாடப்படுவது நால்புஃபின். அபின் வகைப் பூட்டுகள் ஒரே வகையல்ல. அரிப்பையும் மூச்சு மந்தத்தையும் தருகிற பூட்டை இது அடைக்கிறது. வலியைத் தணிக்கிற வேறொரு வகைப் பூட்டைத் திறக்கிறது. ஆதலால் வலி பெரும்பாலும் திரும்புவதில்லை. அரிப்பு மட்டும் அடங்குகிறது. 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை நரம்பில் கொடுப்பது வழக்கம். நம் நாட்டில் நெடுங்காலமாகக் கிடைக்கும் பியூட்டார்ஃபனால் என்பதும் ஏறத்தாழ இதே இனம். ஆனால் உறக்கம் சற்று அதிகம் தரும்.

வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் என்னும் மருந்தை அரிப்பு வராமல் தடுக்க முன்னதாகவே கொடுப்பதும் உண்டு. இதன் பயனைப் பற்றி ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. மயக்கம் தருவதற்குப் பயன்படும் புரோப்போஃபால் என்னும் வெண்ணிற மருந்தை, உறங்க வைக்காத மிகச் சிறிய அளவில் கொடுத்தாலும் சிலருக்கு அரிப்பு தணிகிறது. அது அறுவை அரங்கில் மயக்க மருந்து வல்லுநரின் கையில் மட்டும் இருக்க வேண்டியது.

எல்லாவற்றினும் மேலான வழி, முதலிலேயே அளவைக் குறைப்பது. 1979-இல் அந்த எட்டு நோயாளிகளுக்குப் போட்டது அரை மில்லிகிராமோ ஒரு மில்லிகிராமோ ஆகும். இன்று பிரசவத் தாய்க்குப் போடுவது அதில் ஒரு சிறு பங்கு. அளவு கூடக் கூட அரிப்பும் கூடுகிறது. வலி நிவாரணமோ அதே விகிதத்தில் கூடுவதில்லை. இந்த உண்மையை மருத்துவ உலகம் அனுபவத்தால் கற்றுக்கொண்டது.

வேறொரு பாதையும் திறந்திருக்கிறது. கைக்கோ காலுக்கோ செல்லும் நரம்பை மட்டும் தேடிக் கண்டு, அதனருகே மரப்பு மருந்தைச் செலுத்துவது அது. ஒலியலைக் கருவியின் திரையில் நரம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள். இதில் அபின் வகை மருந்துக்கு வேலை குறைவு, அரிப்பும் குறைவு. இக்கலைக்குக் கோவையில் நல்ல வேர் உண்டு. எலும்பு முறிவு, விபத்துச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனையை 1978-இல் தொடங்கிய டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் அவர்களே மயக்க மருத்துவ வல்லுநர்தாம். கத்தி பிடிப்பவரின் பெயரை நாம் நினைவில் வைக்கிறோம். தலைமாட்டில் அமர்ந்து மூச்சைக் காப்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்வதும் இல்லை. அறுவைக்கு முந்தின நாள் நம்மைக் காண வருபவர் அவரே. அரிப்பைப் பற்றியும் அளவைப் பற்றியும் கேட்க வேண்டியதும் அவரிடமே.

‘ஆகாது’ என்னும் ஒரு சொல்

விடிந்ததும் பாட்டியார் மருத்துவரை மறித்துக்கொண்டார். “சாமி, இனிமே இந்த மருந்த எம் பேத்திக்குப் போடவே போடாதீங்க. இவளுக்கு ஆகாதுன்னு சீட்டுல எழுதிருங்க.” மருத்துவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். “ஆகாது என்று எழுத மாட்டேன், அம்மா. அரித்தது, இன்ன மருந்தில் சரியாயிற்று என்று எழுதித் தருகிறேன்” என்றார்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நினைக்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கதையைச் சொன்னால் விளங்கும். கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்தில் வாழை வைத்துப் பிழைத்தவர். கால் முறிவுக்காக அறுவை நடந்தபோது முதுகில் போட்ட ஊசியால் ஓரிரவு முகம் அரித்தது. ‘மார்ஃபின் ஆகாது’ என்று வீட்டார் சொன்னபடியே அன்றைய சீட்டில் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தன. பெரியவருக்குப் புற்றுநோய் எலும்புக்குள் இறங்கியது. படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இரவெல்லாம் முனகினார். மார்ஃபின் மாத்திரை தரலாம் என்று சொன்ன ஒவ்வொரு மருத்துவரிடமும் மகன்கள் பழைய சீட்டைக் காட்டினார்கள். அவர்களும் தயங்கிப் பின்வாங்கினார்கள். ஐந்து வாரங்கள் இப்படியே சென்றன. இறுதியில் வந்த ஒரு மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். உடம்பில் தடித்ததா? உதடு, நாக்கு வீங்கிற்றா? மூச்சு இரைத்ததா? மூன்றுக்கும் இல்லை என்றே விடை. அன்று மாலையே மாத்திரை தொடங்கிற்று. அரிப்பு வரவே இல்லை. அடுத்த ஞாயிறன்று பங்குக் குருவானவர் நற்கருணை கொண்டுவந்தபோது, பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். மகன்கள் வாசலில் நின்று அழுதார்கள். ஐந்து வாரத்து வலி ஒரு சொல்லால் வந்தது என்பது அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

மார்ஃபினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. முதுகில் போடும்போது அரிப்பு பலருக்கு வரும்; வாய்வழி மாத்திரையாகவோ சாதாரண ஊசியாகவோ கொடுக்கையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட வருவதில்லை என்பதே பொதுவான கணக்கு.

இம்மருந்து நம் மக்களுக்குக் கிடைப்பதே ஒரு காலத்தில் அரும்பாடாக இருந்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால், உலகுக்கு அபின் விளைவித்துத் தரும் நாட்டில் புற்றுநோயாளி மார்ஃபினின்றி மாண்டான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோழிக்கோட்டில், 1993-இல் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தோழர்களுடன் நிறுவிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்காக வாதாடினர். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பயனுக்கான வழி எளிதாக்கப்பட்டது. சட்டம் திறந்த கதவை நாமே ஒரு தவறான சொல்லால் அடைத்துக்கொள்ளலாமா?

பொறுத்துக்கொள்வது புண்ணியமா?

நம் பெண்களிடம் ஒரு குணம் உண்டு. எதையும் சொல்ல மாட்டார்கள். அதுவும் தவக்காலமாயின், “ஆண்டவர் பட்ட பாட்டை நினைத்தால் இது எம்மாத்திரம்” என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அந்தப் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆனால் திருச்சபை அதனைக் கடமையாக்கவில்லை. 1957 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலிய மயக்க மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியை மருந்தால் தணித்துக்கொள்வது கிறிஸ்தவனுக்குத் தகும் என்று தெளிவாக்கினார். மனமுவந்து துன்பத்தை ஏற்பது ஒருவர் தேர்ந்துகொள்ளக்கூடியது, எல்லார்மீதும் சுமத்தத்தக்கதன்று. 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் இதனை மீண்டும் உறுதி செய்தது.

வேதாகமத்தில் அரிப்பால் வருந்தியவர் யோபு. சாம்பலில் அமர்ந்து ஓட்டுத் துண்டால் உடலைச் சுரண்டிக்கொண்டார். பொறுமைக்கு அவரையே எடுத்துக்காட்டுகிறோம். அந்த யோபு வாய் மூடி இருந்தவரல்லர். தம் துன்பத்தை அதிகாரம் அதிகாரமாக எடுத்துரைத்தார். ஆண்டவர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை. ஆண்டவரிடமே சொல்லத்தகுந்ததைச் செவிலியரிடம் சொல்லக் கூசுவானேன்?

வீட்டார் நினைவில் வைக்க வேண்டியவை

1. அறுவைக்கு முன்பே மயக்க மருந்து வல்லுநரிடம் கேளுங்கள்: முதுகு ஊசியில் அபின் வகை மருந்து சேர்க்கப்படுமா? அரித்தால் என்ன செய்வீர்கள்? முன்பு அரித்திருந்தால், எந்த ஊரில், எந்த அறுவையின்போது என்பதையும் சொல்லுங்கள்.

2. அரிப்பு தொடங்கினால் செவிலியரிடம் சொல்லுங்கள். இரவாயினும் சொல்லுங்கள். இலேசானதாயின் ஈரத் துணியால் முகத்தை ஒற்றுவதும், ஆறுதலாகப் பேசிக்கொண்டிருப்பதும் போதும். கையை ஓங்கிச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ள விடாதீர்கள்.

3. வெளியிலிருந்து எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏவிலும் வேண்டாம், செட்ரிசினும் வேண்டாம், உறக்க மாத்திரையும் வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள்; உடனே சொல்லிவிடுங்கள். ஏச்சுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்கலாகாது.

4. ஊசி போட்ட முதல் நாள் முழுவதும், உறங்குகிறவரை அவ்வப்போது கவனியுங்கள். தட்டினால் விழிக்காவிட்டாலும், மூச்சு நிமிடத்திற்குப் பத்துக்கும் கீழே போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் கணமும் தாமதியாமல் கூவி அழையுங்கள். மூச்சை எண்ண வரும் செவிலியரை, “இப்பத்தான் தூங்கினா, எழுப்பாதீங்க” என்று தடுக்காதீர்கள்.

5. எல்லா அரிப்பும் இந்த அரிப்பன்று. உடலில் தடித்துத் தடித்து எழுந்தால், முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இரைத்தால், தலை சுற்றினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதோ புதிய ஊசி போட்டவுடனோ அரித்தால் உடனே தெரிவிக்க வேண்டும். அங்கே நிமிடங்கள் விலையுயர்ந்தவை.

6. வீடு திரும்பும்போது, ‘முதுகில் இன்ன மருந்து போட்டது, அரிப்பு வந்தது, இன்னதால் தணிந்தது’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சீட்டைத் திருமுழுக்குச் சான்றிதழைப் போல் பத்திரப்படுத்துங்கள். ‘ஆகாது’ என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தீர்ப்பை மருத்துவரிடம் விடுங்கள்.

கருமத்தம்பட்டிக் குழந்தைக்குச் சென்ற மாதம் ஒரு வயது நிறைந்தது. விருந்துக்குப் போயிருந்தோம். இலையில் கத்தரிக்காய்க் குழம்பு பரிமாறினார்கள். பாட்டியார் நம்மைப் பார்த்து, “அன்னைக்குப் பாவம், இந்தக் கத்திரிக்காய் மேலதான் பழியப் போட்டேன்” என்று சொல்லிச் சிரித்தார். மருமகனார் சிரிக்கவில்லை. தாழ்வாரத்துச் சுவரில் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழுப்பு நிற உறையை எடுத்துக் காட்டினார். அந்த மருத்துவர் எழுதித் தந்த சீட்டு அதனுள் பத்திரமாக இருந்தது.

நம் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் உறை இருக்கட்டும். அடுத்த முறை நம்மவர் ஒருவர் அறுவை மேசையில் படுக்கும்போது, அந்தச் சீட்டிலுள்ள நான்கு வரிகள் அவருக்குப் பெரிய துணையாகும்.